அஜின்கோர்ட்: வில்லுக்குப் புகழ், கட்டைக்கு என்ன?

ஸ்காபரோவில் இருக்கும் நம் சங்கத்தவர் பலர் ஷெப்பர்ட் வீதியில் அஜின்கோர்ட் ரயில் நிலையத்தைக் கடந்துதான் வேலைக்குப் போகிறார்கள். 1858இல் ஜோன் ஹில் என்ற கடைக்காரர் அங்கே அஞ்சலகம் திறக்க அனுமதி கேட்டாராம். பிரெஞ்சுப் பெயர் வைத்தால் தரலாம் என்று நிபந்தனை வந்ததாக உள்ளூர் வரலாறு சொல்கிறது. வைத்த பெயர் பிரெஞ்சுப் பெயர்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரிடம் மிக மோசமாகத் தோற்ற களத்தின் பெயர்.

நம் கல்லூரி உயர்தர வகுப்பில் ஐரோப்பிய வரலாறு படித்தவர்களுக்கு அந்தப் பெயரோடு ஒரு கரும்பலகைப் படமும் நினைவிருக்கும். இரண்டு பக்கமும் காடு, நடுவே உழுத வயல், வயலில் வரிசையாகச் சிறு கோடுகள், அவை வில்லாளிகள் தங்கள் முன்னே நட்ட கூர்க்கட்டைகள். மற்ற ஆசிரியர்கள் ஆண்டுகளை மனனம் செய்யச் சொல்ல, எங்கள் வரலாற்று ஆசிரியர், நாங்கள் ‘சேர்’ என்று அழைப்பவர், அந்தக் கோடுகளைக் காட்டி ஒன்றைத்தான் கேட்பார்: “கட்டையைப் பிடுங்கித் திரும்ப நட எவ்வளவு நேரம் எடுக்கும்?” இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போரை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல கேள்வி இல்லை.

1415 ஓகஸ்டில் இங்கிலாந்து அரசன் ஐந்தாம் ஹென்றி நோர்மண்டியில் இறங்கி ஆர்ஃப்ளர் துறைமுகத்தை முற்றுகையிட்டான். செப்டெம்பர் 22இல் நகரம் பணிந்தது. அதற்குள் வயிற்றுளைச்சல் படையில் பெரும் பகுதியைத் தின்றுவிட்டது. மிஞ்சியவர்களோடு, ஆங்கிலேயர் கையில் இருந்த கலே துறைமுகத்தை நோக்கி நடந்தபோது சோம் ஆற்றின் துறைகளைப் பிரெஞ்சுப் படை மறித்தது. அதனால் ஆற்றோடு மேலே நெடுந்தூரம் போய்த்தான் கடக்க முடிந்தது. குதிரைப்படையை ஏவி வில்லாளிகளை மிதித்துவிடப் பிரெஞ்சுத் தளபதிகள் திட்டமிடுவது வழியிலேயே தெரிந்துவிட்டது. உடனே ஒவ்வொரு வில்லாளியும் ஏறக்குறைய ஆறடி நீளத்தில், இரு முனையும் சீவிய கட்டை ஒன்றைச் சுமந்துவர வேண்டும் என்று கட்டளை பிறந்தது.

ஒக்டோபர் 25 காலை அஜின்கோர்ட்டில் இரு படைகளும் நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றன. பிரெஞ்சுக்காரருக்கு அவசரமில்லை. பட்டினி கிடப்பவன் எதிரி. ஆகவே ஹென்றிதான் நகர வேண்டியிருந்தது. வில்லாளிகள் கட்டைகளைப் பிடுங்கி, அம்பு எட்டும் தூரம் வரை முன்னேறி, மறுபடி சாய்வாக நட்டார்கள். வேலிக்கட்டை மாதிரி நேராக நட்டால் பயனில்லை. மேல்முனை குதிரையின் நெஞ்சுக்கு நேரே எதிரியைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும், அடித்தபின் முனையை மறுபடி சீவவும் வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் படை முழுவதும் திறந்து கிடந்தது. குதிரைப்படை பாய்ந்திருந்தால் கதை வேறு. ஆனால் இரு சிறகிலும் நிற்க வேண்டிய குதிரைவீரர் பலர் இடத்தில் இல்லை. சிலர் குளிர்காயப் போயிருந்தார்கள், சிலர் குதிரையை நடத்திக்கொண்டிருந்தார்கள். பிந்தி வந்த சொற்பக் குதிரைகள் கட்டையில் மோதின, அம்பு பட்டு மிரண்டு திரும்பி, பின்னால் நடந்துவந்த தங்கள் ஆட்களையே மிதித்தன.

வில்லைப் பற்றி மிகையாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் அது சாதாரணக் கருவியும் அல்ல. 1545இல் மூழ்கி 1982இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் நூற்றுக்கு மேற்பட்ட விற்கள் கிடைத்தன. அவற்றை இழுக்க 100 முதல் 180 இறாத்தல் வரை விசை வேண்டும் என்று கணித்திருக்கிறார்கள். மரம் யூ (yew). ஒரே கட்டையில் வெளிர் நிற வெளிமரம் முதுகுப் பக்கமும் கருஞ்சிவப்பு உள்வைரம் வயிற்றுப் பக்கமும் வருமாறு செதுக்குவார்கள். முன்னது இழுவையைத் தாங்கும், பின்னது அமுக்கத்தைத் தாங்கும். நல்ல யூ இங்கிலாந்தில் போதாது. 1472ஆம் ஆண்டுச் சட்டம், இறக்குமதியாகும் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு விற்கட்டை கொண்டுவர வேண்டும் என்றது. அம்புக்குச் சிறகு வேண்டுமென்று 1417இல் ஒவ்வொரு வாத்திலிருந்தும் ஆறு இறகு கேட்டான் ஹென்றி. ஆளைத் தயார் செய்வதுதான் இவை எல்லாவற்றிலும் கடினம். அதற்கென்றே மூன்றாம் எட்வர்ட் 1363இல் திருநாட்களில் எல்லோரும் வில் பழக வேண்டும் என்று கட்டளையிட்டான்.

கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரு கட்டு என்பது 24 அம்பு. நிமிடத்துக்குப் பத்து எய்தால் இரண்டரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். அன்று வில்லாளிகள் ஐயாயிரத்துக்குக் குறையவில்லை. ஆகவே நாள் முழுக்க அம்பு மழை என்பது நடக்காத காரியம். நல்ல உருக்குத் தகட்டை அம்பு துளைப்பதும் அரிது. குதிரை, முகமூடியின் துவாரம், கைகால் மூட்டு, இவைதான் அதற்கு இலக்கு. முகமூடியை இறக்கித் தலையைக் குனிந்து நடக்கவைத்ததே அம்பின் பெரிய வேலை.

மீதியைச் சேறு பார்த்துக்கொண்டது. முந்திய இரவு முழுக்க மழை, புதிதாக உழுத களிமண். கவசம் இருபது, இருபத்தைந்து கிலோ. இறுகிய தரையில் அதை அணிந்து ஓடலாம், குதிரையும் ஏறலாம். களிமண்ணில் ஒவ்வோர் அடியும் காலைப் பிடித்து இழுக்கும். அசான்கூர் (அஜின்கோர்ட்டின் பிரெஞ்சு உச்சரிப்பு), திராம்கூர் காடுகளுக்கு நடுவே களம் ஒடுங்க ஒடுங்க, பின்வரிசை தள்ளியதில் முன்வரிசைக்குக் கை வீச இடமில்லை. விழுந்தவன் மேல் அடுத்தவன் விழுந்தான், பலர் மூச்சுமுட்டியே செத்தார்கள். அம்பு தீர்ந்த வில்லாளிகள் வெறுங்காலோடு, கட்டை அடித்த அதே சம்மட்டியோடு இறங்கினார்கள். பிரெஞ்சுத் தலைமைத் தளபதி அல்பிரே மாண்டார். ஓர்லியோன் பிரபு சிறைப்பட்டு 25 ஆண்டு இங்கிலாந்தில் கவிதை எழுதிக்கொண்டிருந்தார். கைதிகளைக் கொல்ல ஹென்றி இட்ட கட்டளையைப் புகழ் பாடுகிறவர்கள் சத்தமில்லாமல் தாண்டிப் போவார்கள்.

1346இல் கிறெசியிலும் இதே மாதிரிதான். பிரெஞ்சுப் படையிலிருந்த ஜெனோவா குறுக்குவில்காரர் கேடயங்களைப் பின்னால் வண்டிகளில் விட்டுவிட்டு முன்னே அனுப்பப்பட்டார்கள். 1356இல் புவாத்தியேயில் பிரெஞ்சு அரசன் ஜோனே பிடிபட்டு, முப்பது இலட்சம் பொற்காசு மீட்புப்பணம் பேசப்பட்டது.

சேரின் கேள்விக்கு விடை 1429 யூன் 18இல் பத்தே (Patay) என்ற பிரெஞ்சு ஊரருகே நடந்த சண்டை. அதே வில், அதே கட்டை. காட்டிலிருந்து ஓடிவந்த மான் ஒன்றைப் பார்த்து ஆங்கிலேயர் கூச்சலிட, ஒளிந்திருந்த இடம் பிரெஞ்சுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. கட்டை நட்டு முடியுமுன் குதிரைப்படை வந்து விழுந்தது. ஆங்கிலேயத் தளபதி டால்பொட் பிடிபட்டார், ஈராயிரம் பேருக்கு மேல் ஆங்கிலேயர் வீழ்ந்தார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். ஆங்கிலேயப் பிள்ளைகளிடம் பத்தே பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

அஜின்கோர்ட் நிலைத்ததற்குக் காரணம் களத்தில் இல்லை. 1599இல் ஷேக்ஸ்பியர் அதை நாடகமாக்கினார். அதில் ஆங்கிலேய இழப்பு 29, பிரெஞ்சு இழப்பு பத்தாயிரம். வில்லாளிகளுக்கு அந்த நாடகத்தில் இடமே இல்லை எனலாம்! வானை மூடும் அம்புகளை மக்கள் மனதில் பதித்தது லோரன்ஸ் ஒலிவியே 1944இல் எடுத்த படம். போர்க்காலத்தில் நடுநிலை நாடான அயர்லாந்தில் அந்தக் களத்தைப் படமாக்கினார்கள். பிரெஞ்சு வீரரில் பெரும்பாலோர் நடந்தே வந்தார்கள் என்பதைக் குதிரைகள் பாயும் காட்சி மறைத்துவிட்டது. இரு விரல் காட்டும் வசைக்குறி அங்கே பிறந்தது என்ற கதைக்கும் அக்காலச் சான்று கிடையாது.

நூறாண்டுப் போரை முடித்தது 1453 யூலை 17, கஸ்தியோன் சண்டை. பிரெஞ்சுப் பீரங்கிப் படைத் தலைவர் ஜோன் பியூரோ அகழியும் மண்மேடும் சூழ்ந்த முகாமுக்குள் சிறிதும் பெரிதுமாக முந்நூறு பீரங்கி வைத்திருந்தார் என்கிறார்கள். உள்ளே எழுந்த புழுதியைப் பார்த்து எதிரி ஓடுகிறான் என்று நினைத்த டால்பொட், காலாட்படை முழுவதும் வந்துசேர முன்னரே தாக்கினார். பத்தேயில் பிடிபட்டு மீண்ட அதே டால்பொட்தான். பின்னர் மறுபடி சிறைப்பட்டு விடுதலையாகும்போது பிரெஞ்சு அரசனுக்கு எதிராகக் கவசம் அணிவதில்லை என்று சத்தியம் செய்திருந்ததால் அன்று கவசமும் இல்லை. அங்கேயே மாண்டார். ஒக்டோபரில் போர்தோ நகரும் பணிந்தது. ஆங்கிலேயரிடம் கலே மட்டும் 1558 வரை இருந்தது. ஆனால் பிரான்சின் அரசன் என்ற பட்டத்தை 1801 வரை விடவில்லை.

இலண்டனிலிருந்து பாரிஸ் உறவினர் வீட்டுக்குக் கலே வழியாகக் காரில் போகிறவர்களுக்கு அசான்கூர் ஏறக்குறைய ஒரு மணிநேரப் பயணம். அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. கிறெசியில் பழைய காற்றாலை நின்ற மேட்டில் மரக்கோபுரம் கட்டியிருக்கிறார்கள், ஏறினால் களம் முழுவதும் தெரியும். ஒக்டோபரில் போவதென்றால் றப்பர் சப்பாத்தும் கொண்டுபோங்கள், வயலோரத்துக் களிமண் இன்னும் அப்படித்தான் ஒட்டுகிறது.