கேரவன் டிரெய்லர்: கூரையில் தொடங்கிய வேலை

காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகும் கேரவன் டிரெய்லர் ஒன்றைப் பெங்களூரில் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினோம். பன்னிரண்டு அடி நீளம், ஒரே ஆக்ஸில் (சக்கர அச்சு), இரண்டு பேர் படுக்கக் கட்டில், பையனுக்கு ஒரு மடக்குப் பெஞ்ச். படத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு வாசலில் நிறுத்திய சித்திரை மாத மதியம் அதன் குணம் தெரிந்துவிட்டது. வெளியே 39 டிகிரி, உள்ளே மாட்டிய தெர்மாமீட்டரில் 48. பெங்களூரில் இருந்தவருக்கு இது ஒரு குறையாகவே பட்டிருக்காது. வேலூரில் அது வண்டி இல்லை, இட்லிப் பானை.

பொதுவாக எல்லோரும் எல்.இ.டி. விளக்கு, மர டிசைன் ஷீட், குஷன் என்று ஆரம்பிப்பார்கள். நாங்கள் கூரையில் ஆரம்பித்தோம். அடுத்து சக்கரம், அப்புறம் கரண்ட். குஷன் உறையை என் மனைவி கடைசியில்தான் தைத்தார்.

ஒரு எல்லையை முதலிலேயே போட்டுக்கொண்டோம். டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. உண்டு. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறிப்போகும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. எனவே நீளம், அகலம், ஆக்ஸில், சேசிஸ் எதிலும் கை வைக்கவில்லை. கர்நாடக வண்டி என்பதால் என்.ஓ.சி. வாங்கி, வரி கட்டி, இங்கே மறுபதிவு செய்யும் வேலை இன்னொரு பக்கம் நடந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை, காகிதம் சரியாக இருந்தால் நடக்கும்.

கூரைக்கு வருவோம். வெள்ளைப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் ஒழுகலை அடைக்க வேண்டும். முன்னாள் சொந்தக்காரர் ஒவ்வொரு மழைக்கும் ஒரு கோட்டிங் சிலிக்கான் பூசியிருந்தார் போல. கூரையும் பக்கச் சுவரும் சேரும் மூலைப் பட்டை முழுக்க சிலிக்கான் மேல் சிலிக்கான். பழைய சிலிக்கான் மேல் புதிது எதுவும் ஒட்டாது, சிலிக்கான் உட்பட. பிளாஸ்டிக் சுரண்டியால் மொத்தத்தையும் வழித்து, தின்னர் போட்டுத் துடைத்தால்தான் அலுமினியம் கண்ணில் படும். எரிச்சலான வேலை, குறுக்கு வழி கிடையாது.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துப் பார்ப்பார்கள். அதில் ஒரு சிக்கல். தண்ணீர் நுழைவது ஓரிடம், உள்ளே சொட்டுவது மூன்றடி தள்ளி வேறிடம். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். ஜன்னல், காற்றுத் துளை எல்லாவற்றையும் டேப் போட்டு மூடிவிட்டு, வாக்குவம் கிளீனரின் ஊதும் முனையைக் கதவு இடுக்கில் செருகி, உள்ளே காற்றை நிரப்பினோம். வெளியே பையன் கையில் சோப்புத் தண்ணீர், பெயிண்ட் பிரஷ். மூலைப் பட்டையில் தடவிக்கொண்டே போனான். பின்பக்க மூலையில் ஒரு ஸ்க்ரூ தலையைச் சுற்றிக் குட்டிக் குட்டியாக நுரை பொங்கியது. "இங்க, இங்க" என்று கத்தினான். அந்த ஸ்க்ரூவைக் கழற்றினால் பாதி துருவாக வந்தது, துளைக்குள் பிளைவுட் ஈரத்தில் கறுத்திருந்தது. அந்த ஒரு துளைக்காக உள்ளே ஒரு சதுர அடி பிளைவுட்டை வெட்டி எடுத்து மாற்ற வேண்டியதாயிற்று.

பட்டைக்குக் கீழே பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா), மேலே விளிம்பில் இடுக்கை அடைக்கும் பாலியூரித்தேன் சீலன்ட். இதற்காக கேரவன் கடையைத் தேடி அலைய வேண்டாம். காருக்கு முன்கண்ணாடி ஒட்டும் கடைக்காரர் வைத்திருப்பது அதே வகைதான். பஸ் பாடி கட்டும் இடங்களிலும் கேட்டு வாங்கலாம். ஸ்க்ரூக்களை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றி, ஒவ்வொன்றையும் சீலன்டில் முக்கி இறுக்கினோம்.

உள்கூரையில் ரப்பர் சொல்யூஷன் போட்டு ஒட்டிய ரெக்ஸின் வயிறு தொங்கிக் கிடந்தது. வெயிலில் அந்தப் பசை இளகிவிடும், இந்த ஊரில் நிற்காது. அதை உரித்தெறிந்தோம். வெளியே அலுமினியத் தகடு, நடுவே 20 மி.மீ. தெர்மாகோல், உள்ளே 4 மி.மீ. பிளை என்று பழைய அடுக்கு இருந்தது. பிளைக்குக் கீழே இன்னொரு அடுக்கு மூடிய துளை ஃபோம் ஷீட்டைச் சேர்த்து, அலுமினியப் பட்டி வைத்து ஸ்க்ரூவால் பிடித்தோம், பசையை நம்பவில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிகளுக்குப் போகும் ஈ.வி.ஏ. என்ற ஃபோம் ஷீட்டில் மிச்சத் துண்டுகள் சில்லறையாகக் கிடைக்கும். அது தண்ணீர் குடிக்காது. ஜன்னல் சட்டத்தைச் சுற்றியும், பாத்திர டிராயருக்குள்ளும் அதை வெட்டி வைத்தோம். தோல் ஊரில் இருப்பதில் இப்படி ஒரு லாபம்.

வெளியே வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கூரைப் பெயிண்ட் இரண்டு கோட்டிங். அதற்கும் மேலே சோலார் பேனல், அலுமினிய ஆங்கிள் வைத்துக் கூரையிலிருந்து மூன்று அங்குலம் தூக்கி மாட்டியது. அந்த இடைவெளி முக்கியம். பேனல் கூரைக்கு நிழல் தருகிறது, கீழே ஓடும் காற்று பேனலின் சூட்டைக் குறைக்கிறது. பேனலின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் உற்பத்தி சுமார் 0.4 சதவீதம் குறையும். நம் ஊர் மதியத்தில் பேனல் 65 டிகிரியைத் தொட்டால் ஆறில் ஒரு பங்கு அப்படியே போய்விடும். கூரையோடு ஒட்டிப் படுக்கவைத்தால் இன்னும் மோசம்.

கூரைத் துளையில் சூடான காற்றை வெளியே தள்ளும் 12 வோல்ட் மின்விசிறி வைத்து, நிழல் பக்கத்து ஜன்னலைக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் திறந்து வைக்கிறோம். இத்தனையும் முடிந்தபின் உள்ளே வெளியைவிட இரண்டு மூன்று டிகிரிதான் கூடுதல். குளிர்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் மத்தியானம் உள்ளே உட்கார்ந்து சாப்பிட முடிகிறது.

சக்கரத்துக்கு டிராக்டர் டிரெய்லர் வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். "இன்னா சார் இது, வூடா வண்டியா?" என்று சிரித்துவிட்டு, ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கையால் சுழற்றிக் காதைக் கிட்டே வைத்தார். "ஆக்ஸில் நல்லா கீது. பேரிங்குதான் காஞ்சி கீது." கழற்றினால் கிரீஸ் கறுத்து மெழுகு மாதிரி இறுகியிருந்தது. புது பேரிங், புது சீல், உள்ளங்கையில் கிரீஸ் வைத்து ரோலர் ஒவ்வொன்றின் இடுக்கிலும் புகும்படி அழுத்தி நிரப்பினார். கேரவன் என்ற பெயரே அவருக்குப் புதிது. ஆனால் கரும்பு ஏற்றிப் போகும் டிரெய்லர்களைப் பார்த்தே வளர்ந்த கை. டவுனில் பளபளப்பாக போர்டு வைத்த இடத்தைவிட இவரிடம்தான் எனக்கு நம்பிக்கை. இப்போது வெளியூர் கிளம்பிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஓரம் கட்டி இரண்டு சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பையும் தொட்டுப் பார்ப்பேன். ஒன்று மட்டும் கை பொறுக்காமல் சுட்டால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது என்று அர்த்தம்.

டயர் பார்க்கப் புதிதாக இருந்தது. பட்டன் தேயவே இல்லை. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்த்தால் வயது தெரியும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2315 என்றால் 2015-இன் 23-ஆவது வாரம். நின்றே கிடக்கும் டிரெய்லரின் டயர் தேய்ந்து சாவதில்லை, வெயிலில் காய்ந்து வெடித்துத்தான் சாகும். இரண்டையும் மாற்றினோம்.

பின்விளக்கில் வேடிக்கையான கோளாறு ஒன்று. இடது இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மங்கலாகக் கண் சிமிட்டும். இப்படி விளக்குகள் ஒன்றோடொன்று குழம்பினால் முதலில் எர்த் வயரைப் பாருங்கள். ஏழு முனை பிளக்கில் எர்த் பின் பச்சை பூத்திருந்தது. சுத்தம் செய்து, சேசிஸுக்குத் தனியாக ஒரு எர்த் இழுத்ததும் சரியாயிற்று.

கரண்டுக்குக் காகிதத்தில் கணக்குப் போட்டுவிட்டுத்தான் கடைக்குப் போனேன். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் வெயில் நாளில் சுமார் 500 வாட்-அவர் (ஆயிரம் சேர்ந்தால் ஒரு யூனிட்). 30 வாட் விசிறி பத்து மணி நேரம் ஓடினால் 300. விளக்கு, போன், தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்த்து 100. ஆக 900. 330 வாட் பேனல் ஒன்று, சூட்டில் போவதையும் தூசியில் போவதையும் கழித்தாலும், நல்ல வெயில் நாளில் ஆயிரத்தை ஒட்டித் தரும். இரவுக்கு 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி, அதாவது 1280 வாட்-அவர். வீட்டுக் கூரைக்கான பெரிய பேனல் 37 வோல்ட் வாக்கில் தரும் என்பதால், அதைப் பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டுக்கு மாற்றித் தரும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் கட்டாயம். அப்படி மாற்றாத, மலிவாகக் கிடைக்கும் பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் போட்டால் பாதிக்கு மேல் வீண்.

வயரில் கஞ்சத்தனம் கூடாது. வீட்டு வயரிங்குக்கு எடுக்கும் 1.5 சதுர மி.மீ. வயரில் ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் ஃபிரிட்ஜுக்கு 10 ஆம்பியர் போனால், போக வர ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும். 230-இல் ஒரு வோல்ட் ஒன்றுமில்லை, 12-இல் ஃபிரிட்ஜ் நின்றுவிடும். 6 சதுர மி.மீ. போட்டதும் இழப்பு சுமார் 0.3 வோல்ட்டாக இறங்கியது. ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே இருக்க வேண்டும், வயரின் மறுமுனையில் வைத்துப் பிரயோஜனமில்லை. பேட்டரியை முன்பக்க இரும்புப் பெட்டியில் வைக்கச் சொன்னார்கள். வெயிலில் அந்தப் பெட்டியைத் தொட முடியாது. லித்தியத்தை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வது அதன் ஆயுளைத் தின்னும் என்பதால் கட்டிலுக்கு அடியில், காற்றோட்டம் உள்ள இடத்தில் வைத்தோம்.

உள்ளே விளக்குகளைக் குறைத்துவிட்டு, வாசலில் ஒரு மங்கலான சிவப்பு விளக்கு. ஆலங்காயம் வழியாகக் காவலூர்ப் பக்கம் போவதுண்டு. 1986-இலிருந்து 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி வானம் பார்க்கும் ஜவ்வாது மலை இருட்டில் ஃபிளட் லைட் போட்டு உட்காருவது மரியாதையாகப் படவில்லை. சிவப்பு வெளிச்சத்தில் நம் கண்ணும் இருட்டுக்குப் பழகியபடியே இருக்கும், பையனுக்கு நட்சத்திரம் காட்டச் சௌகரியம்.

அடுப்பை உள்ளே வைக்கவில்லை. சமையல் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். சின்ன ஐந்து கிலோ சிலிண்டரும் அடுப்பும் பக்கவாட்டுப் பெட்டியில், வெளியே இழுத்துச் சமைக்கும்படி. அந்தப் பெட்டிக்கு வண்டியின் உட்புறத்தோடு தொடர்பு இல்லை, அடியில் துளை உண்டு. தண்ணீர்த் தொட்டியில் போர் தண்ணீர் ஊற்றுவதில்லை. எங்கள் பகுதி போர் தண்ணீரின் உப்பு, மோட்டார் வடிகட்டியில் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. மாநகராட்சிக் குழாயில் காவிரித் தண்ணீர் வரும் நாளில் பிடித்துக்கொள்வோம்.

அந்தத் தொட்டி பழைய அமைப்பில் வண்டியின் வால் பக்கம் இருந்தது. 60 லிட்டர் என்றால் 60 கிலோ, அதுவும் கடைக்கோடியில். பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரி ஒன்று முந்தும்போதெல்லாம் பின்னால் வால் ஆடியதற்கு அதுதான் காரணம். ஒற்றை ஆக்ஸில் டிரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் விழ வேண்டும். லாரிகள் நிற்கும் எடை மேடையில் எல்லாப் பொருளோடும் போட்டால் 940 கிலோ, ஆர்.சி.யில் உள்ள 1000-க்குள்தான். கொக்கி எடைக்கு ஆள் எடை பார்க்கும் மெஷின் போதும். ஒரு கனமான பலகை. ஒரு முனை செங்கல் மேல், மூன்றடி தள்ளி மறுமுனை மெஷின் மேல். செங்கலிலிருந்து ஓரடியில் கொக்கியை இறக்கினால் மெஷின் மூன்றில் ஒரு பங்கைக் காட்டும். எங்களுக்கு முதலில் காட்டியது 20, அதாவது 60 கிலோ. தொட்டியை ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் கொண்டுவந்து, கருவிப் பெட்டியை முன்னே தள்ளிய பிறகு 35. நூற்றைந்து கிலோ, வால் ஆட்டம் நின்றது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை இதற்கப்புறம்தான் ஏறினோம். ஏறும்போது டிரெய்லர் சக்கரம் காரைவிட உள்ளே வெட்டும், அகலமாகத் திரும்ப வேண்டும். இறங்கும்போது இரண்டாம் கியரில் வர வேண்டும், பிரேக்கை மிதித்தபடியே வரக் கூடாது.

பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது, "ஏ.சி. போடலையா?" ஒரு டன் ஏ.சி. ஆயிரம் வாட் இழுக்கும், எங்கள் பேட்டரிக்கு ஒரு மணி நேர ஆயுசு. எடை வேறு நாற்பது கிலோ சொச்சம், மிச்சமிருக்கும் அறுபதில் அதற்கு இடம் கொடுக்க மனசில்லை. கத்திரி வெயிலில் சமவெளிப் பக்கம் வண்டியை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். இப்போதைக்கு வாங்க வேண்டியது பக்கவாட்டில் விரிக்கும் தார்ப்பாய்ப் பந்தல். அதற்கு ராணிப்பேட்டையில் லாரி தார்ப்பாய் தைப்பவரிடம் அளவு கொடுத்திருக்கிறேன்.