எதை விடச் சொல்வது?

"குதிகாலை இறக்கினா கால் முன்னாடி போயிடுது சார். காலைப் பின்னாடி வச்சா குதிகால் ஏறிடுது. ரெண்டுல எதை விடட்டும்?"

நான் குதிரையேற்றம் கற்றுத்தரும் பள்ளியில், ரைசிங் ட்ராட்டின் (குதிரையின் துள்ளோட்டத் தாளத்துக்கு ஏற்ப எழுந்து எழுந்து உட்காரும் சவாரி) நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு மாணவி கேட்டது இது. "குதிகாலை விடுங்க" என்று சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த சீனியர், போலீஸ் குதிரைப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், அப்போது வாய் திறக்கவில்லை. குதிரைகள் லாயத்துக்குப் போன பிறகு சொன்னார்: "தம்பி, குதிகாலை விடச் சொல்லாதப்பா. விட்டா கால் ஸ்டிரப்புக்குள்ள போயிடும். அப்புறம் யாரு எடுக்கிறது?" (ஸ்டிரப் என்றால் சாடிலில், அதாவது சேணத்தில், இருந்து தொங்கும் பாதம் வைக்கும் வளையம்.)

இந்த இரண்டு பதில்களையும் ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்க்கிறேன். இரண்டுமே நிற்கின்றன, அதுதான் தொந்தரவு.

என் பக்கத்து நியாயம் இது. பக்கவாட்டில் இருந்து பார்த்தால் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் வர வேண்டும். குதிரையை அப்படியே உருவி எடுத்துவிட்டால், ஏறியிருப்பவர் முழங்கால் மடித்தபடி தரையில் விழாமல் நிற்க வேண்டும். குதிகாலை வலிந்து அழுத்துகிறவருக்குக் கணுக்கால் பூட்டிக்கொள்கிறது, முழங்கால் நீள்கிறது, பாதம் குதிரையின் தோள் பக்கம் போகிறது, பிட்டம் சாடிலின் பின்விளிம்புக்குச் சறுக்குகிறது. இதுதான் நாற்காலி உட்கார்வு. இந்த நிலையில் ட்ராட்டில் எழ முடியாது. எழுவதற்குக் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கும். அந்த விலையைக் குதிரையின் வாய்தான் கொடுக்கிறது.

சரியாக இறங்கும் குதிகால் அழுத்தத்தால் இறங்குவதில்லை. பாதத்தின் முன்பகுதியை ஸ்டிரப் தாங்கி நிறுத்துகிறது. இடுப்பும் முழங்காலும் தளர்ந்திருந்தால் மேலிருந்து வரும் எடை எங்கும் தடைபடாமல் கணுக்காலைத் தாண்டிக் குதிகாலில் போய்ச் சேர்கிறது. ட்ராட்டின் ஒவ்வொரு அடிக்கும் குதிகால் சற்றே தாழ்ந்து திரும்பி வருவது கண்ணுக்குத் தெரியும். எவ்வளவு தாழ்ந்திருந்தாலும் அசையாத குதிகால் பூட்டிய குதிகால்தான். ஆகவே என் பதில் சரி என்றுதான் ஒவ்வொரு முறையும் தொடங்குகிறேன்.

ஆனால் சீனியர் பார்த்தது ஷூவை. வார இறுதியில் வருகிறவர்களில் பலர் ஸ்போர்ட்ஸ் ஷூவில் வருகிறார்கள். அதற்குப் பின்பக்கம் தடுத்து நிறுத்தும் எடுப்பான குதி கிடையாது. கால்விரல் நுனி கீழே சாய்ந்து, அதே நேரம் குதிரை மிரண்டு பக்கவாட்டில் தாவினால், பாதம் முழுவதும் ஸ்டிரப்புக்குள் நழுவிவிடும். விழுந்தவர் அப்படியே இழுபடுவார். பாதத்துக்கு இருபுறமும் சேர்த்து சுமார் இரண்டரை செ.மீ. இடைவெளி விடும் அகலத்தில் ஸ்டிரப் வேண்டும். அதைவிடக் குறுகினால் கால் சிக்கும், மிக அகலமானால் முழுப் பாதமும் உள்ளே போய்விடும். பள்ளியின் சாடில்களில் இருக்கும் ஸ்டிரப்புகளோ பெரியவருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒன்றுதான். இந்த நிலைமையில் 'குதிகால் கீழே' என்பது தோரணை பற்றிய அறிவுரை இல்லை, உயிர் பற்றியது. படையில் பழக்கியவர் அதை விட்டுக்கொடுக்காததில் வியப்பில்லை.

அப்படியானால் அந்த மாணவிக்கு என்ன சொல்லியிருக்கலாம்? ஒருவேளை எதுவுமே சொல்லாமல் குதிரையை நிறுத்தியிருக்கலாம்.

முதலில் லெதரின் (ஸ்டிரப்பைச் சாடிலில் தொங்கவிடும் தோல் வார்) நீளம். ஏறுவதற்கு முன் கைவிரல் நுனியைச் சாடிலின் ஸ்டிரப் பாரில் (லெதரை மாட்டும் கம்பியில்) வைத்து, ஸ்டிரப்பை அக்குள் வரை இழுத்துப் பார்ப்பது தோராயக் கணக்குத்தான். ஏறிய பின், காலைத் தொங்கவிட்டால் ஸ்டிரப்பின் அடிப்பகுதி கணுக்கால் எலும்பைத் தொட வேண்டும். பொதுப் பயிற்சிக்கு இது போதும், தடை தாண்டுவதற்கு இதிலிருந்து இரண்டு மூன்று துளை குறைப்பார்கள். லெதர் நீளமாகிவிட்டால் விரல்கள் ஸ்டிரப்பைத் தேடிக் கீழே நீளும். அந்தக் காலில் குதிகால் இறங்க வழியே இல்லை, எத்தனை முறை கத்தினாலும். குட்டையாகிவிட்டால் முழங்கால் மேலேறி உடல் பின்னுக்குத் தள்ளப்படும். இடப்பக்கம் ஏறி ஏறியே இடது லெதர் நீண்டுவிடுவது பலர் கவனிக்காத சங்கதி. துளை எண் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தாலும் நீளம் ஒன்றாக இருக்காது. அவ்வப்போது இடவலம் மாற்றிப் போட வேண்டும்.

அடுத்தது சாடில். ஸ்டிரப் பார் அதிகம் முன்னால் இருந்தாலோ, உட்காரும் பள்ளம் பின்னால் தள்ளி இருந்தாலோ, காலைப் பின்னே வைக்கும் ஒவ்வொரு முறையும் லெதர் அதை முன்னே இழுக்கும். அந்த மாணவி சொன்னது இதே குறிதான் என்று பிற்பாடு தோன்றுகிறது. ஆனால் அதே சாடிலில் நேராக உட்கார்ந்தவர்களும் உண்டு. சாடில் மீது பழி போடுவது ஆசிரியருக்கு வசதியான தப்பித்தல் என்பதும் தெரியும்.

பிறகு முழங்கால். பயத்தில் முழங்காலால் இறுக்கிப் பிடித்தால் அதுவே அச்சாகிவிடும்: கீழ்க்கால் பின்னே ஆடும், குதிகால் ஏறும், மேலுடல் முன்னே கவிழும். 'காலைப் பின்னாடி வச்சா குதிகால் ஏறுது' என்பதன் பாதி இதில் இருக்கலாம். மருந்து குதிகாலில் இல்லை, தொடையில் இருக்கிறது. நிற்கும் குதிரையில் தொடையின் பின்சதையைக் கையால் பிடித்துப் பின்னும் வெளியுமாக இழுத்துவிட்டால் தொடை தட்டையாகச் சாடிலில் படியும், முழங்கால் தானே இறங்கும். கால்விரல்களை முன்னோக்கித் திருப்பு என்று கேட்பதும் இதேபோல் இடுப்பில் இருந்து வர வேண்டியது. கணுக்காலை முறுக்கித் திருப்பினால் எடை பாதத்தின் வெளிவிளிம்புக்குப் போய் முழங்கால் வலிக்கும். சிலருக்கு இடுப்பெலும்பின் அமைப்பே லேசாக வெளித்திரும்பியது, அவர்களை விட்டுவிட வேண்டும்.

கணுக்கால் மடியுமா என்பதற்குத் தரையிலேயே சோதனை உண்டு. குந்தி உட்காரும்போது குதிகால் தரையில் பதிகிறவருக்கு மடிப்பு தாராளம். குதிகால் தூக்கிக்கொண்டால் படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மெல்லத் தொங்கவிடும் பயிற்சியைத் தினமும் செய்யச் சொல்லலாம். நாள் முழுவதும் நாற்காலியில் இருப்பவர்களுக்கு இடுப்பின் முன்தசையும் சுருங்கியிருக்கும், தொடை பின்னே போக மறுக்கும்.

குதிரையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பந்தயத்தில் இருந்து வந்த தரோபிரெட் இனக் குதிரைக்கு விலா ஒடுக்கம். கால் நீண்டவர்களின் கெண்டைக்கால் அதன் வயிற்றைத் தொடாமல் தொங்கும். தொடுவதற்காகக் குதிகாலை மேலே சுருட்டுவார்கள். குட்டை ஸ்டிரப்பில் ஓட்டும் ஜாக்கிகளை (பந்தயச் சவாரிக்காரர்களை) மட்டுமே அறிந்த குதிரை, அந்தத் திடீர்த் தொடுதலை 'ஓடு' என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பயந்து இவர்கள் இன்னும் இறுக்குவார்கள்.

எது காரணம் என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த மிக நேர்மையான வழி: வாக்கில் (குதிரை நடக்கும்போது), பிடரி மயிரை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஸ்டிரப்பில் எழுந்து நிற்கச் சொல்வது. பின்னே விழுந்தால் கால் முன்னால் இருக்கிறது. முன்னே கவிழ்ந்தால் கால் பின்னால். நின்றுவிட்டால் அதே காலோடு மெல்ல உட்கார வேண்டும். அது பழகியதும் ட்ராட்டில் இரண்டு தாளம் மேலே, ஒன்று கீழே. குதிகால் பற்றி ஒரு வார்த்தை வேண்டியதில்லை, எடை கீழே போகாமல் அதைச் செய்யவே முடியாது. ஸ்டிரப் இல்லாமல் லஞ்ச் கயிற்றில் (ஆசிரியர் நடுவில் நின்று குதிரையை வட்டமாக ஓட்டும் நீண்ட கயிறு) ஓட்டுவதும் நல்லது. ஆனால் தொடக்கக்காரருக்கு ஐந்து நிமிடம் தாண்டினால் களைத்துப்போய் இறுக்கத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் சீனியரிடம் சொன்னபோது, "எல்லாம் சரிதான். பத்துப் பேர் வளையத்துல ஓடும்போது இதுல எதைச் சொல்லுவ?" என்றார்.

அதற்கு இப்போதும் பதில் இல்லை. தனி வகுப்பில் நான் குதிகால் என்ற சொல்லையே தவிர்க்கிறேன், அது சரி என்றே நம்புகிறேன். குழு வகுப்பில் கேன்டர் (ட்ராட்டைவிட வேகமான பாய்ச்சல்) தொடங்கி எவருடைய பாதமாவது நழுவத் தொடங்கினால், "ஹீல்! ஹீல்!" என்று நானும்தான் கத்துகிறேன். 'முழங்காலைத் தளர்த்துங்க, எடையை இறங்க விடுங்க' என்று சொல்லி முடிப்பதற்குள் குதிரை அடுத்த மூலையைத் தாண்டியிருக்கும்.