சொந்தக் கைத்துப்பாக்கியைக் காவல் பணிக்குத் தகுதியாக்கிய அனுபவம்

அமெரிக்காவில் காவலரின் இடுப்பில் இருக்கும் துப்பாக்கி எப்போதும் அரசு கொடுத்ததாக இருப்பதில்லை. தமிழ்நாட்டில் அது அரசின் சொத்து. ஆயுதக் கிடங்கில் கையெழுத்திட்டுப் பெற்று, கையெழுத்திட்டுத் திருப்பித் தர வேண்டியது. இங்கோ பல துறைகள், தாம் வகுத்த பட்டியலுக்குள் அடங்குமானால், காவலர் தம் சொந்தப் பணத்தில் வாங்கிய கைத்துப்பாக்கியைப் பணியில் அணிய அனுமதிக்கின்றன. டெக்சாஸின் வளைகுடாக் கரையோர நகரொன்றில் ரோந்துக் காவலராக இருக்கும் நான், சுடுதளப் பயிற்சிக்காக வைத்திருந்த என் ஐந்தாம் தலைமுறை கிளாக் 17 என்ற 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியைப் பணிக்குரியதாக மாற்றிய விதத்தை, இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் துறையின் ஆயுத விதிமுறையை வரிவரியாகப் படிக்க வேண்டும். எந்த நிறுவனம், எந்த மாதிரி, எந்தத் தோட்டா அளவு, எந்தெந்தப் பாகங்களை மாற்றலாம், எவற்றைத் தொடவே கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். எங்கள் துறையில், கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டிக் குறிபார்க்க உதவும் ரெட் டாட் பார்வைக் கருவிக்கும் துப்பாக்கி விளக்குக்கும் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையில் (டிரிகர்) எந்த மாற்றமும் கூடாது. வாய்மொழியாகக் கிடைத்த சம்மதத்தை நான் சம்மதமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. துப்பாக்கியின் வரிசை எண், மாற்ற விரும்பும் பாகங்கள், அவற்றின் மாதிரிப் பெயர்கள் ஆகியவற்றை எழுதிக்கொடுத்து, சுடுபயிற்சி ஆசிரியரின் கையெழுத்து வந்த பிறகே பணம் செலவிட்டேன்.

விசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புதியவர்களின் கை முதலில் போவது அங்கேதான். கிளாக்கின் விசை தொழிற்சாலையிலிருந்து வரும்போது ஏறத்தாழ 5.5 பவுண்ட் அழுத்தத்தில் இயங்கும். அதை இலகுவாக்கும் பாகங்கள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. போட்டிச் சுடுதலில் அவற்றுக்கு இடமுண்டு. ஆனால் நள்ளிரவில், ஓடி வந்த மூச்சிரைப்போடு, கை நடுங்க ஒரு மனிதருக்கு எதிரே நிற்கும் காவலருக்கு இலகுவான விசை ஆபத்தானது. நியூயார்க் நகரக் காவல் துறை நெடுங்காலம் 12 பவுண்ட் விசையையே வைத்திருந்தது என்பதை நினைத்துப் பார்க்கலாம். அவ்வளவு கனம் குறியைக் கெடுக்கும் என்று நான் கருதினாலும், அதன் பின்னிருந்த அச்சம் நியாயமானது. தவிர, ஒரு துப்பாக்கிச் சூடு நடந்துவிட்டால் அந்த ஆயுதத்தின் ஒவ்வொரு திருகும் விசாரணைக்கு உட்படும். 2016 ஜனவரியில் அரிசோனாவின் மேசா நகரில் நிராயுதபாணியான ஒருவரைச் சுட்டுக் கொன்ற காவலர், துப்பாக்கியில் ஆபாசச் சொற்களைப் பொறித்து வைத்திருந்தார். அது அவருடைய சொந்த ரைஃபிள். அந்தப் பொறிப்பை நடுவர் குழுவுக்குக் காட்ட நீதிபதி அனுமதிக்கவில்லை, 2017 டிசம்பரில் அவர் விடுதலையும் ஆனார். ஆயினும் அவருடைய பணிநீக்கத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் அந்தப் பொறிப்பும் ஒன்று. சொந்தப் பணத்தில் வாங்கியது என்றாலும் பணியில் அணிந்துவிட்டால் அது ஊருக்குப் பதில் சொல்ல வேண்டிய பொருளாகிவிடுகிறது. ஆகவே என் துப்பாக்கியில் விசையும் அதைச் சார்ந்த சுருள்விற்களும் தொழிற்சாலையில் பொருத்தியபடியே இருக்கின்றன. அலங்காரமும் இல்லை.

மாற்றியவற்றுள் முதன்மையானது பார்வைக் கருவி. என் துப்பாக்கி, பார்வைக் கருவிக்கான இடம் தொழிற்சாலையிலேயே வெட்டப்பட்டு வரும் எம்.ஓ.எஸ். வகை என்பதால், ஸ்லைடை, அதாவது சுடும்போது பின்னே நகரும் மேல்பகுதியை, கடைந்தெடுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. தகடு ஒன்றைப் பொருத்தி அதன்மேல் டிரிஜிகான் ஆர்.எம்.ஆர். டைப் 2 என்ற ரெட் டாட் கருவியைத் திருக முடிந்தது. இங்கே திருகின் நீளம் மிக முக்கியம். அளவுக்கு மீறிய நீளமுள்ள திருகு, சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை இழுத்தெடுக்கும் பாகத்தின் உள்தண்டை அழுத்திப் பிடித்துத் துப்பாக்கியைச் சிக்க வைத்துவிடும். ஆகவே இந்த வேலையைத் துறையின் ஆர்மரர், அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் வல்லுநர், முன்னிலையிலேயே செய்தேன். அவர் திருகுகளை நீலப் பசையிட்டு, 12 அங்குல-பவுண்ட் அளவுக்கு முறுக்கி, திருகின் தலையிலிருந்து கருவியின் உடல்வரை ஒரு வண்ணக் கோடு இழுத்தார். அந்தக் கோடு முறிந்திருந்தால் திருகு தளர்ந்துவிட்டது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ரெட் டாட் அணைந்துபோனாலும் குறிபார்க்க வேண்டுமே என்பதற்காக, கண்ணாடியின் வழியே தெரியுமளவு உயரமான, இருளில் தானாகவே ஒளிரும் டிரிடியம் இரவுக் குறிகளையும் பொருத்தினோம். டிரிடியத்தின் அரைவாழ்வுக் காலம் சுமார் 12 ஆண்டுகள் என்பதால் அவையும் மெல்ல மங்கும். பொருத்திய ஆண்டைக் குறித்து வைப்பது நல்லது.

எங்கள் கரையோரத்து ஈரப்பதம் இந்தக் கருவிக்கு ஒரு தனிச் சோதனை. குளிரூட்டிய ரோந்து வண்டியிலிருந்து ஆகஸ்ட் மாதத்து வெக்கையில் இறங்கியதும் கண்ணாடியில் பனி படிகிறது. பனித்தடுப்புத் திரவத்தைத் தவறாமல் பூசுவதும், இரண்டு கண்களையும் திறந்தபடி இலக்கையே நோக்கிச் சுடப் பழகுவதும் இதைப் பெருமளவு தீர்க்கின்றன. சி.ஆர். 2032 பேட்டரி கருவியின் அடியில் இருப்பதால், அதை மாற்றக் கருவியையே கழற்றி, மீண்டும் முறுக்கி, சுடுதளத்தில் குறியைச் சரிபார்த்தாக வேண்டும்.

விளக்கு விஷயத்தில் நான் 1000 லூமென் வெளிச்சமுள்ள ஸ்ட்ரீம்லைட் டி.எல்.ஆர்.-1 எச்.எல். விளக்கைத் தேர்ந்தேன். விசைவிரலுக்கு அருகே அழுத்தி ஏற்றும் சுவிட்சுகள் எனக்கு ஒருபோதும் ஏற்புடையவையல்ல. விளக்கை ஏற்றப் போன கை விசையை அழுத்திவிட்ட சோகங்கள் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன. துப்பாக்கி விளக்கை எதையாவது தேடுவதற்கோ, ஒருவருடைய ஓட்டுநர் உரிமத்தைப் படிப்பதற்கோ பயன்படுத்தவே கூடாது. விளக்கு காட்டும் இடத்தைத் துப்பாக்கியும் காட்டுகிறது. அதற்கெல்லாம் இடுப்பில் தனி டார்ச் ஒன்று இருக்கிறது.

இவற்றையெல்லாம் முடிவு செய்வது கடைசியில் துப்பாக்கியை இடுப்பில் செருகும் உறைதான் என்பதைக் கடைக்காரர்கள் எளிதில் சொல்வதில்லை. துப்பாக்கியின் மாதிரி, விளக்கின் மாதிரி, ரெட் டாட் இருக்கிறதா இல்லையா ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் உறை பொருந்தும். விளக்கை மாற்றினால் பெரும்பாலும் உறையையும் மாற்ற வேண்டியிருக்கும். எங்கள் துறை, துப்பாக்கியைப் பிறர் பறிக்காமல் தடுக்கும் மூன்றாம் நிலைப் பாதுகாப்புள்ள உறையைக் கோருகிறது. நான் வாங்கியது சஃபாரிலேண்ட் 6360 வரிசையில் ரெட் டாட்டை மூடும் மேல்வளைவு உள்ள உறை. துப்பாக்கியை உள்ளே தள்ளியதும் ஒரு பூட்டு தானாகவே விழுகிறது. மேல்வளைவு இன்னொரு பூட்டு. கைகலப்பில் பின்னாலிருந்து யாரேனும் இழுத்தால் துப்பாக்கி எளிதில் வெளியே வராது. அதே பூட்டு எனக்கும் தடையாகிவிடாமலிருக்க, தோட்டாவை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, வெற்றுத் துப்பாக்கியை உருவும் பயிற்சியை வீட்டில் நாள்தோறும் செய்தேன். கட்டைவிரல் யோசிக்காமல் அந்த இடத்துக்குப் போகும் வரை அதைப் பணியில் அணியவில்லை. மொத்தச் செலவில் உறைக்குக் கொடுத்த பணத்தையே மிகச் சரியாகச் செலவிட்ட பணமென்று கருதுகிறேன்.

பணித் தோட்டாவைத் துறையே தருகிறது. 1986இல் மியாமியில் இரு எஃப்.பி.ஐ. அலுவலர்கள் உயிரிழந்த மோதலுக்குப் பிறகு கனமான தோட்டாக்களை நோக்கிச் சென்ற அந்த அமைப்பு, 2014 வாக்கில் 9 மில்லிமீட்டர் தோட்டாவே போதுமென்று திரும்பி வந்தது. பல துறைகளும் பின்தொடர்ந்தன. மலிவான பயிற்சித் தோட்டாக்கள் சிக்கலின்றி ஓடுகின்றன என்பதால் பணித் தோட்டாவும் ஓடும் என்று நம்பிவிடக் கூடாது. அதையும் என் ஒவ்வொரு மேகசினிலிருந்தும் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) சுட்டுப் பார்த்தேன்.

பிறகு ஆர்மரரின் பரிசோதனையும் தகுதிச் சுடுதலும். டெக்சாஸ் மாநில விதிப்படி கைத்துப்பாக்கிக்கு ஆண்டுதோறும் குறைந்தது 50 தோட்டாக்கள் சுட வேண்டும். மிக அருகிலிருந்து குறைந்தது 15 கஜம் வரையிலான தூரங்கள், நேரக் கணக்கோடு ஒரு மறுநிரப்பல், தேர்ச்சிக்கு 70 சதவீதம். இது அடித்தளம் மட்டுமே. எங்கள் துறை ரெட் டாட் அணிபவர்களுக்குத் தனிப் பயிற்சி வகுப்பை வைத்து, கருவியை அணைத்துவிட்டும் சுடச் சொல்கிறது. புள்ளியைத் தேடித் துப்பாக்கி முனையை ஆட்டும் பழக்கம் பலருக்கும் முதலில் வருகிறது. பிடியும் நீட்டும் கோணமும் ஒரே சீராக அமைந்தபின் புள்ளி தானாகவே கண்முன் வந்து நிற்கிறது. தேர்ச்சி பெற்றதும் வரிசை எண்ணும் பொருத்திய பாகங்களும் என் பணிக் கோப்பில் ஏறின. இனி இதில் எதை மாற்றினாலும் அனுமதியும் பரிசோதனையும் தகுதிச் சுடுதலும் மீண்டும் முதலிலிருந்து.

இன்னொன்றையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்தேன். பணியில் சுட நேர்ந்தால் துப்பாக்கி சாட்சியப் பொருளாகக் கைப்பற்றப்படும். வழக்கு முடியும்வரை, அது எவ்வளவு காலமானாலும், சொந்தக்காரருக்குத் திரும்பாது. ஆகவே துறை தந்த பழைய துப்பாக்கியை ஒப்படைத்துவிடாமல், அதற்குரிய உறையோடு பெட்டகத்தில் வைத்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் இரண்டு துப்பாக்கிகளிலும் தகுதிச் சுடுதலை முடிக்கிறேன்.