போகேக்க கூட, வரேக்க குறைய

கொழும்பு வெள்ளவத்தைப் புடவைக் கடையொண்டில ஒரு அம்மம்மா லண்டன்ல இருக்கிற பேரனோட வீடியோ கோல்ல வாக்குவாதம். "நான் பிளேன்ல அங்க வாறதெண்டா 11 மணித்தியாலத்துக்கு மேல, நீ வரேக்க மட்டும் என்னெண்டடா குறையும்?"

நியாயமான கேள்விதானே!

கொழும்பு-லண்டன் தூரம் ரெண்டு பக்கமும் ஒண்டுதான், கிட்டத்தட்ட 8,700 கிலோமீற்றர். வேலை செய்யிறது காத்து. 10 கிலோமீற்றர் உயரத்தில மேற்கில இருந்து கிழக்க அடிக்கிற ஜெட் காத்து இங்கால வாற பிளேனைத் தள்ளிவிடும், அங்கால போறதை மறிக்கும், அதான் அந்த அரை முக்கால் மணித்தியால வித்தியாசம்.

எனக்கென்னவோ இதைவிட அதிசயம் எங்கட கொழும்பு-யாழ்ப்பாண நைட் பஸ்தான். 400 கிலோமீற்றருக்கு எட்டு மணித்தியாலம் மட்டில, இன்னும் கொஞ்சம் இருந்தா லண்டனே வந்திடும். சரி, கட்டுநாயக்கா எயார்போட்டுக்குப் போற ட்ராபிக்கை நான் கணக்கில எடுக்கேல்ல.