சோற்றை நிறுத்தியதில் நேர்ந்த பிழை

சென்ற ஆண்டு எடையைக் குறைக்க முனைந்தபோது நான் முதலில் செய்தது சோற்றை அடியோடு நிறுத்தியதுதான். காலையில் இரண்டு இட்லி, மதியம் வெள்ளரிக்காயும் நீர்மோரும், இரவில் ஒரு கிண்ணம் ரசம் என்று ஆறு வாரங்கள் ஓடின. பின்னர் கணக்கிட்டுப் பார்த்தபோது, காப்பியையும் சேர்த்து நாளொன்றுக்கு 600 கலோரியைக்கூட அது தாண்டவில்லை. எடை குறைந்தது உண்மைதான். ஆனால் மாடிப்படி ஏறினால் கண் இருட்டியது. மூன்றாம் மாதத்தில் சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது.

வெள்ளரிக்காய் வயிற்றை நிரப்புமே தவிர, 100 கிராமுக்கு ஏறக்குறைய 15 கலோரிதான் தரும். அதே எடையுள்ள வேகாத துவரம்பருப்பில் சுமார் 340 கலோரியும் 22 கிராம் புரதமும் உண்டு. உணவு மிகவும் குறைந்தால் உடல் கொழுப்போடு தசையையும் சேர்த்தே கரைக்கும் என்பதால், சைவம் உண்பவர்கள் பருப்பைக் குறைக்கவே கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது 50 கிராம் பருப்பைத் தராசில் நிறுத்து, எனக்கெனத் தனியாகக் கெட்டியாக வேகவைத்து, ஒரு கிண்ணம் சோற்றில் பிசைந்து உண்கிறேன். மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டலோ, ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையோ இருக்கும். 30 கிராம் வேர்க்கடலையிலேயே 170 கலோரி கிடைத்துவிடுகிறது. தாளிக்கும் எண்ணெயை மட்டும் கண்ணளவாக ஊற்றுவதில்லை, ஏனெனில் ஒரு மேசைக்கரண்டியே 120 கலோரி. என் உயரத்துக்கும் நடைக்கும் 1,500 கலோரி பொருந்துகிறது. மாதம் ஒன்றரைக் கிலோ வீதம் எடை இறங்குகிறது, படியேறும்போது கண்ணும் இருட்டுவதில்லை.