நவம்பர் 31 அன்று போட்ட கையெழுத்து

ஏழைக் குடும்பப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு அமெரிக்க ஃபெடரல் அரசு தரும் மானியம் டைட்டில் 1. எங்கள் பள்ளி மாவட்டத்தின் டைட்டில் 1 கணக்குகளைப் பார்வையிட மாநிலக் கல்வித் துறையிலிருந்து வந்திருந்த அதிகாரி, மூன்றாம் நாள் காலையில் ஒரு தாளை என் மேசையில் வைத்து, அதன் அடிப்பகுதியை விரலால் தொட்டுக் காட்டினார். வாசிப்பு ஆசிரியை ஒருவர் முந்தைய கல்வியாண்டில் தம் வேலை நேரத்தை உறுதிசெய்து கொடுத்த மாதப் படிவம் அது. ஆசிரியையின் கையெழுத்து இருந்தது, தலைமையாசிரியரின் ஒப்பமும் இருந்தது. தேதி மட்டும் நவம்பர் 31 என்றிருந்தது.

அந்த ஆசிரியையின் சம்பளத்தில் பாதி டைட்டில் 1 நிதியிலிருந்தும் மறுபாதி மாவட்டத்தின் பொது நிதியிலிருந்தும் போகிறது. ஃபெடரல் மானியத்தில் எழுதப்படும் சம்பளத்துக்கு, உண்மையில் செய்து முடித்த வேலையின் பதிவு ஆதாரமாக இருக்க வேண்டும். பட்ஜெட்டில் 50 விழுக்காடு என்று போட்டிருப்பது மட்டும் சான்றாகாது. ஆகவே மாதம் முடிந்த பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். பள்ளியிலோ, ஆகஸ்டில் வகுப்பு தொடங்கிய வாரமே பத்து மாதப் படிவங்களுக்கும் ஒரே மூச்சில் கையெழுத்து வாங்கிக் கோப்பில் அடுக்கிவிட்டார்கள். பத்துத் தாளிலும் ஒரே நீல மை, ஒரே சாய்வு. அந்தக் கோப்பு ஓராண்டுக்கும் மேலாக என் அலமாரியில்தான் இருந்தது. நான் தாள்களை எண்ணிப் பார்த்தேனே தவிர, தேதிகளைப் படிக்கவில்லை. பள்ளியை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

பத்து மாதப் பாதிச் சம்பளமும் சலுகைச் செலவுகளும் சேர்த்து ஏறத்தாழ 38,000 டாலர். அதை மானியத்திலிருந்து எடுத்து மாவட்டத்தின் தலையில் கட்டுவது முதல் அடி. இரண்டாவது அடி அதைவிடப் பெரியது. டைட்டில் 1 ஒதுக்கீட்டில் முதல் 15 மாதங்களுக்குள் செலவாகாமல் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகும் தொகை 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. எங்கள் ஒதுக்கீடு சுமார் 6,20,000 டாலர். அதில் 11 விழுக்காடு ஏற்கெனவே மிச்சம். இந்தச் சம்பளமும் திரும்பி வந்தால் கணக்கு 17 விழுக்காட்டில் போய் நிற்கும். வரம்பைத் தாண்ட விலக்குக் கேட்கலாம்தான். ஆனால் மூன்றாண்டுக்கு ஒருமுறைதான் அது கிடைக்கும், நாங்கள் அதை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பயன்படுத்திவிட்டோம்.

பழைய தேதிகளைப் போட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்துவிடலாமே என்று அலுவலகத்திலேயே ஒருவர் காதோடு சொன்னார். தயவுசெய்து அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம். இப்போது இருப்பது நிர்வாகக் குறை. அப்படிச் செய்தால் அது ஃபெடரல் ஆவணத்தில் செய்த மோசடியாகிவிடும்.

எங்களைக் காப்பாற்றியது அந்த ஆசிரியையின் சுருள்கம்பி நோட்டுப் புத்தகம்தான். எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தக் குழுவில் எத்தனை பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார் என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். பக்க ஓரமெல்லாம் காபிக் கறை. அதையும் பள்ளியின் பாடவேளை அட்டவணையையும் ஒப்பிட்டு, மாதவாரியாக நேரத்தைக் கூட்டி, உண்மையில் கையெழுத்திட்ட நாளின் தேதியுடனேயே புதிய உறுதிமொழிகளைக் கொடுத்தோம். எட்டு மாதங்களை அதிகாரி ஏற்றுக்கொண்டார். ஏப்ரல், மே பக்கங்கள் வெறுமையாக இருந்தன. ஏன் என்று கேட்டபோதுதான், அந்த இரண்டு மாதங்களிலும் அவரை மாநிலத் தேர்வுக்கும் மறுதேர்வுக்கும் கண்காணிப்பாளராக இழுத்துவிட்டிருந்தார்கள் என்பது தெரிந்தது. அது டைட்டில் 1 வேலை அல்ல. அதாவது, நாங்கள் சலித்துக்கொண்ட அந்தப் படிவம் எதைக் கண்டுபிடிப்பதற்காக இருக்கிறதோ, அதுவே நடந்திருந்தது. அந்த இரண்டு மாதத் தொகையை ஜர்னல் பதிவு போட்டுப் பொது நிதிக்கு மாற்றினோம். மிச்சம் 12 விழுக்காட்டைச் சற்றே தாண்டியதோடு நின்றது.

அடுத்த தலைவலி தனியார் பள்ளி. எங்கள் டைட்டில் 1 பகுதிகளில் வசித்துத் தனியார் பள்ளியில் படிக்கும் தகுதியுள்ள பிள்ளைகளுக்கும் இந்த நிதியில் பங்குண்டு. அதை எப்படிச் செலவிடுவது என்று அந்தப் பள்ளியோடு முன்கூட்டியே கலந்து பேசி, பேசினோம் என்பதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த ஒப்புதல் தாள் கோப்பில் இல்லை. நகல் வாங்கிவர 40 மைல் காரோட்டிப் போனால், கதவு பூட்டியிருந்தது. அன்று பெரிய வெள்ளி. எங்களுக்கு வேலை நாள், அந்தக் கத்தோலிக்கப் பள்ளிக்கு விடுமுறை. புறப்படும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்திருக்கலாம். அடுத்த வாரம் மறுபடி போனபோது தலைமையாசிரியரே மாறியிருந்தார்; தாம் இல்லாத கூட்டத்துக்குத் தாம் எப்படிக் கையெழுத்திடுவது என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை. கடைசியில் கூட்ட அழைப்பு, நிகழ்ச்சி நிரல், இரு தரப்பும் பரிமாறிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றைத் தொகுத்துக் கொடுத்தோம். கலந்தாலோசனை நடந்ததை அதிகாரி ஏற்றார். ஒப்புதல் தாள் இல்லாததை மட்டும் குறையாக எழுதினார். ஒப்புதல் வாங்கிய அன்றே ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் வையுங்கள்.

மற்றவை சிக்கலின்றி முடிந்தன. டைட்டில் 1 பள்ளிகளுக்கும் மற்றப் பள்ளிகளுக்கும் மாவட்டம் ஏறத்தாழச் சமமாகச் செலவிடுகிறதா என்ற ஒப்பீட்டுக் கணக்கும், மாவட்டத்தின் சொந்தச் செலவு முந்தைய ஆண்டின் 90 விழுக்காட்டுக்குக் குறையவில்லை என்ற கணக்கும் ஒரு மணி நேரத்தில் தேறின. பெற்றோர் ஈடுபாட்டுக்கென ஒதுக்க வேண்டிய 1 விழுக்காட்டுக்கு (ஒதுக்கீடு 5,00,000 டாலரைத் தாண்டினால்தான் இந்தக் கட்டாயம்) வருகைப் பதிவுத் தாள்களையும் கேட்டார்கள். பீட்சா ரசீது மட்டும் போதாது. இன்னொன்று: ஃபெடரல் நிதியை நேரடியாகப் பெறுபவர்கள் அரசின் SAM.gov தளத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய சாம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. அரசு முத்திரை போலவே அச்சிட்டுப் பணம் கேட்டு வரும் கடிதங்களைக் குப்பையில் போடுங்கள். எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை காசோலை எழுதும் வரை போய்விட்டோம்.

இரண்டு குறைகளுக்கும் 30 நாட்களுக்குள் எழுத்து வடிவில் நடைமுறை கொடுக்கச் சொல்லி அறிக்கை வந்தது. மாத முதல் வாரத்தில், முடிந்த மாதத்துக்கு உரிய படிவத்தை மட்டும் என் அலுவலகமே அனுப்பும் என்று எழுதி, தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் வாசித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒருவர் என்னை நிறுத்தி, அலைச்சலைக் குறைக்க எல்லாப் படிவங்களையும் ஆகஸ்டிலேயே கொடுத்துவிட முடியுமா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார்.