பனிப்புயலுக்குள் போடும் பந்தல் திட்டம்

தைப்பொங்கல் எமக்கு அறுவடைத் திருநாள். ரொறன்ரோவில் அந்த நாள் வரும்போது நிலம் கல்லாக இறுகிக் கிடக்கிறது. சமையலறை அடுப்பிலோ கராஜ் வாசலிலோ பொங்கி, முகில் மூடிய கிழக்குத் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்துவிடுகிறோம். 2022ஆம் ஆண்டில் பொங்கல் முடிந்த மூன்றாம் நாள், ஜனவரி 17 அன்று, நகரின் சில பகுதிகளில் 50 சென்ரிமீற்றருக்கும் அதிகமாகப் பனி கொட்டியது. டொன் வலி பார்க்வேயும் கார்டினர் விரைவுச்சாலையும் மூடப்பட்டன. வீட்டுக் கதவைத் திறப்பதே பெரும்பாடாக இருந்தது. அத்தகைய நாட்களில், பனி அள்ளிக் களைத்து வந்து தேநீரோடு அமர்ந்த பிறகு, ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜக்ஸிலும் தோட்டம் செய்கின்ற எம்மவர்கள் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்துப் பேசுவது பாகற்கொடியைப் பற்றியும் மிளகாய்க் கன்றைப் பற்றியும்தான்.

வந்த புதிதில் பனிக்காலத்தை எப்படியாவது கடத்திவிட வேண்டிய காலமாகத்தான் எல்லோரும் எண்ணுகிறார்கள். டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில் இங்கே பகற்பொழுது ஒன்பது மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புகிறவருக்கு அந்தக் குறைந்த வெளிச்சமும் கிடைப்பதில்லை. யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் செம்மண்ணில், துலாக் கிணற்றடியில் பயிருக்குத் தண்ணீர் மாறி வளர்ந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு, வளவில் ஒரு பச்சை இலைகூட இல்லாத ஐந்து மாதங்கள் தாங்க முடியாதவையாக இருந்தன. பின்வளவில் பாத்தி கட்டத் தொடங்கிய பிறகுதான், இந்த நாட்டில் தோட்டத்தின் ஆண்டு ஜனவரியிலேயே தொடங்கிவிடுகிறது என்பதையும், புயல் நாட்களில் கடதாசியில் போடும் கணக்கே ஓகஸ்டில் கொடியில் காயாகத் தொங்குகிறது என்பதையும் கண்டுகொண்டேன்.

கொட்டிக் கிடக்கும் பனியைத் தோட்டத்தின் பகையாக நினைக்க வேண்டியதில்லை. புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்று. அந்தக் காற்று அசையாமல் சிக்கியிருப்பதால், வெளியே பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை என்றாலும் தடித்த பனிக்குக் கீழேயுள்ள மண் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. ஒக்ரோபரில் ஊன்றிய உள்ளிப் பற்களுக்கு இந்தப் பனி ஒரு கம்பளிப் போர்வை. பனி இல்லாத ஆண்டுகளில்தான் கவலை அதிகம்: பகலில் இளகுவதும் இரவில் உறைவதுமாக மண் மாறி மாறி விம்ம, வேர் பிடித்த பற்கள் மேலே தள்ளப்பட்டு வெளியே வந்துவிடும். அதற்காகவே நவம்பரில் இலைச்சருகை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி விடுகிறோம். இந்த நாட்டு உள்ளிக்குக் குளிர் தேவையும்கூட. பல வாரக் குளிரை அனுபவிக்காத பல், கோடையில் பல பற்களாகப் பிரியாமல் ஒற்றை உருண்டையாகவே நின்றுவிடும். ஒன்ராறியோவில் பலரும் நடுகின்ற ‘மியூசிக்’ என்ற வகை, பருத்த பற்களும் நடுவில் கெட்டியான தண்டும் கொண்டது. ஜூனில் அதன் பூந்தண்டு வளையம் போலச் சுருண்டு வரும்போது ஒடித்து, பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவோடு வறை செய்தால், யாழ்ப்பாணத்துச் சமையலில் அதற்கு எப்போதுமே ஓரிடம் இருந்தது போலத் தோன்றும்.

பனி செய்யாத கேட்டை உறைமழை செய்கிறது. மேலே இளஞ்சூடான காற்றுப் படையில் உருகி மழையாக இறங்கும் நீர், நிலத்தை ஒட்டிய மெல்லிய குளிர்ப் படைக்குள் புகுந்து, கிளையிலும் கம்பியிலும் பட்ட மாத்திரத்தில் கண்ணாடியாக உறைந்துவிடுகிறது. 2013 டிசம்பர் 21, 22ஆம் நாட்களில் அடித்த உறைமழைப் புயலில் ரொறன்ரோவில் ஏறத்தாழ 3,00,000 மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. நத்தார் முடிந்த பிறகும் பல வீடுகள் இருட்டிலும் குளிரிலும் கிடந்தன. தெருவெங்கும் மேப்பிள் மரக்கிளைகள் முறிந்து விழுந்த சத்தத்தை அப்போது இங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படியான நாளில் பனிக்கட்டி மூடிய செடியைத் தடியால் தட்டக்கூடாது. பனிக்கட்டியோடு கிளையும் சேர்ந்து முறியும். வெறும் பனி என்றால், விளக்குமாற்றால் கீழிருந்து மேல்நோக்கி மெல்லத் தட்டிவிடலாம். உறைந்த செடியைத் தானாக உருகும்வரை விட்டுவிடுவதே நல்லது.

இன்னொரு கேடு எமது கையாலேயே வருவது. நடைபாதையில் தூவும் உப்பு பனியோடு கலந்திருக்க, அதைச் சவலால் அள்ளிப் பக்கத்துப் பாத்தியில் குவித்தால், வசந்தத்தில் அந்த மூலையில் விதை முளைக்காது. ஸ்காபரோவின் பல வளவுகளில் உள்ளது களிமண். அதில் உப்பு இறங்கினால் மண்ணின் பொலபொலப்பு கெட்டு, காய்ந்ததும் ஓடு போல் இறுகிவிடுகிறது. பாத்தியை ஒட்டிய பாதைக்கு உப்புக்குப் பதிலாக மணலைத் தூவுவதை நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

வீட்டுக்குள்ளே இக்காலம் முழுவதும் கவனம் கேட்பது கறிவேப்பிலை. இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கும் முன்பே சாடியை உள்ளே தூக்கி வைத்துவிடுகிறோம். ஆனால் வெப்பமூட்டியின் வறண்ட காற்றில் சிலந்திப்பேன் பெருகுகிறது. ஒரு வெள்ளைத் தாளை இலைக்கடியில் பிடித்துக் காம்பைத் தட்டினால், ஊசிமுனையிலும் சிறிய புள்ளிகள் தாளில் நகர்வது தெரியும். சாடியோடு குளியலறைக்குக் கொண்டுபோய் இலைகளின் அடிப்பக்கம் நன்றாக நனையக் கழுவிவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஜனவரியில் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நின்றாலும் செடி செத்துவிட்டது என்று வீசிவிட வேண்டாம். நகத்தால் பட்டையை மெல்லக் கீறிப் பாருங்கள், அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தண்ணீரைக் குறைத்து, பசளை எதுவும் போடாமல், மார்ச் வெளிச்சம் வரும்வரை பொறுத்திருந்தால் கணுக்களில் துளிர் வெடிக்கும்.

புத்தாண்டை ஒட்டி விதைப் பட்டியல் நூல்கள் தபாலில் வரத் தொடங்குகின்றன. பிரின்ஸ் எட்வேட் தீவிலுள்ள வெசீஸ், ஒன்ராறியோவின் டண்டாஸ் ஊரிலுள்ள வில்லியம் டாம் ஆகிய விதை வணிகர்களின் நூல்களை எங்கள் வீட்டில் சோபாவிலும் சாப்பாட்டு மேசையிலும் எந்நேரமும் காணலாம். அவற்றைப் படிப்பது இன்பமாக இருக்கிறது. அதோடு ஒரு பாடமுமாகிறது. எமது அவரை பல பட்டியல்களில் காய்கறிப் பக்கத்தில் இல்லை; ஊதாப் பூவுக்காக வளர்க்கும் அலங்காரக் கொடியாகப் பூச்செடிகளின் பக்கத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து வந்த அவரை இங்கே ஏன் காய்ப்பதில்லை என்று கேட்காத தமிழ்த் தோட்டக்காரர் இல்லை. மண்ணும் பசளையும் அதற்குக் காரணமல்ல. எமது பழைய அவரை வகைகள் இரவு நீளும்போது பூப்பவை. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் பகல் பன்னிரண்டு மணித்தியாலத்தை ஒட்டியே இருக்கிறது. மழைக்கு விதைத்த கொடி, பகல் சற்றுச் சுருங்கும் மார்கழி, தையில் குலைகுலையாகப் பூக்கிறது. ரொறன்ரோவிலோ ஜூனில் பகல் பதினைந்து மணித்தியாலத்தைத் தாண்டுகிறது. கொடி வேலியெல்லாம் படர்ந்து இலையாகவே செழிக்கும். பகல் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குச் சுருங்குவது செப்ரெம்பர் கடைசியில். பூ பிஞ்சாகும் முன்பே ஒக்ரோபர் உறைபனி வந்து ஒரே இரவில் கொடியைக் கருக்கிவிடும். சிறகவரைக்கும் இதே கதைதான். ஊர் விதை என்ற பாசம் எனக்கும் உண்டு. ஆனாலும் இங்கே எதை நடுவது என்பதைப் பகலின் நீளம்தான் முடிவு செய்கிறது என்பதை ஏற்றுக்கொள்ளாதவர் ஆண்டுதோறும் ஏமாற்றத்தையே அறுவடை செய்வார்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று வளர்ந்தவர்களுக்கு இங்கே தேட வேண்டிய பட்டம் விக்ரோறியா நாள். மே 25க்கு முந்திய திங்கட்கிழமை அது. அந்த நீண்ட வார இறுதிக்கு முன்பு மென்மையான கன்றுகளை வெளியே நடுவதில்லை என்பது இந்நாட்டுத் தோட்டக்காரரின் வழக்கம். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி மற்ற வேலைகளைக் கணக்கிடுகிறோம். மிளகாய், கத்தரி விதைகள் மார்ச் தொடக்கத்திலேயே வீட்டுக்குள் மண்ணுக்குப் போக வேண்டும். மிளகாய் முளைப்பதற்கு மண் 25 பாகைக்கு மேல் சூடாக இருப்பது நல்லது என்பதால் தட்டின் அடியில் வெப்ப விரிப்பு வைக்கிறோம். தக்காளிக்கு மார்ச் கடைசி போதும். பாகல், புடோல் போன்றவை வேரைத் தொட்டால் சிணுங்குபவை. ஏப்ரல் கடைசியில் தனித்தனிச் சாடியில் ஊன்றினால் போதுமானது. பாகல் விதையின் தடித்த ஓட்டை நகவெட்டியால் நுனியில் சிறிது நறுக்கி, ஓரிரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் விரைவாக முளைக்கும். யன்னலோர வெளிச்சம் இக்காலத்தில் போதாது. கன்றுகள் வெளிறி, நெட்டையாக வளர்ந்து சாய்ந்துவிடும். பேஸ்மென்ற்றில் எல்ஈடி விளக்கை இலைகளுக்கு நான்கு விரல் உயரத்தில் தொங்கவிட்டு, நாளொன்றுக்கு 14 முதல் 16 மணித்தியாலம் எரிய விடுகிறோம்.

இந்தப் பொறுமையை நான் கற்றது பக்கத்து வீட்டு இத்தாலியப் பெரியவரிடம். அவர் தமது அத்தி மரத்தை ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் கயிற்றால் சேர்த்துக் கட்டி, ஒரு பக்க வேரை வெட்டிச் சாய்த்து, நீளமான குழியில் படுக்க வைத்து, பலகையும் சருகும் மண்ணும் போட்டு மூடிவிடுவார். ஏப்ரலில் தோண்டி நிமிர்த்தினால் ஓகஸ்டில் பழம். தென் இத்தாலியிலிருந்து ஒன்ராறியோவுக்கு வந்த அவருடைய தலைமுறையினர் பலர் அத்தியை இப்படித்தான் காப்பாற்றி வருகிறார்கள். எமக்கு முன்பே வந்து, தம் ஊர் மரத்தை விட்டுக்கொடுக்காமலும் இந்தக் குளிரோடு மல்லுக்கட்டாமலும் வழி கண்டவர்கள் அவர்கள். அவர்களிடம் கேட்டுப் பழகுங்கள் என்று புதிதாக வருபவர்களிடம் சொல்லி வருகிறேன்.

வவுனியாவிலிருந்து படிக்க வந்து, எங்கள் தெருவிலே ஒரு பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கும் பிள்ளை ஒருத்தி, போன கிழமைப் புயலன்று பனி அள்ள உதவிவிட்டு, “அன்ரி, சொந்தமா நிலம் இல்லாத ஆக்கள் இஞ்ச என்ன செய்யிறது?” என்று கேட்டாள். செய்ய வழி இருக்கிறது. ரொறன்ரோ மாநகரம் ஆண்டுக் கட்டணத்துக்குத் தோட்டத் துண்டுகளைக் கொடுக்கிறது. ஸ்காபரோவில் கிவென்டேல் தோட்டம், உயர் மின்கம்பிகள் செல்லும் நிலப்பாதையில் இருக்கிறது. காத்திருப்போர் பட்டியல் நீளமானது. ஆகையால் பெயரைப் பதிய வேண்டிய காலம் இந்தப் பனிக்காலம்தான். அதுவரைக்கும் ஒரு வாளியில் மிளகாயும் இன்னொன்றில் கத்தரியும் வளர்க்கலாம். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் நடக்கும் ‘சீடி சற்றடே’ என்ற விதைச் சந்தைக்கு அவளையும் கூட்டிச் செல்லப் போகிறேன். 1990இல் வன்கூவரில் தொடங்கி நாடெங்கும் பரவிய அந்தச் சந்தையில், இந்தக் காலநிலையிலேயே தலைமுறைகளாகச் சேமிக்கப்பட்ட விதைகளைப் பணமின்றி மாற்றிக்கொள்ளவும் முடிகிறது. ஊரிலிருந்து விதை கொண்டுவருவதற்குக் கனடிய உணவு ஆய்வு முகவரகத்தின் விதிமுறைகள் உண்டு. நோயும் பூச்சியும் பரவாமல் காப்பதற்கான அந்த விதிகளை எம்மவர்கள் மதிக்க வேண்டும்.

இவ்வாண்டு என் மேசையில் விரிந்து கிடப்பது பந்தலின் வரைபடம். ஊரில் நான்கு பூவரசங் கதியாலை நட்டுக் கயிறு கட்டினால் பந்தல் ஆயிற்று. இங்கே ஆழமில்லாமல் நட்ட காலை உறையும் மண் தன்னோடு சேர்த்து மேலே தூக்கிவிடுகிறது. வீட்டு அத்திவாரத்தைப் போலவே பந்தற் காலும் ஏறத்தாழ நான்கு அடி ஆழத்துக்கு இறங்க வேண்டும். நிலத்தடியில் எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் செல்வதால், தோண்டுவதற்கு முன்பு ‘ஒன்ராறியோ வன் கோல்’ சேவைக்கு அறிவிப்பது சட்டப்படி கட்டாயம். அவர்கள் மூலமாக ஆட்கள் வந்து இலவசமாக அடையாளமிட்டுச் செல்கிறார்கள். பந்தல் பாத்திகளின் வடக்குக் கரையில் நிற்கும், அப்போதுதான் மிளகாயின் மேல் நிழல் விழாது. ஒரு பாதியில் பாகலும் புடோலும், மறு பாதியில் அவரை. பட்டியலில் வாங்கிய, விரைவாகப் பூக்கும் ஊதா வகையை ஒரு காலிலும் யாழ்ப்பாணத்து விதையை மற்றக் காலிலும் ஏற்றப் போகிறேன். ஊர் அவரையை மட்டும் ஓகஸ்ட் தொடக்கத்திலிருந்து சில வாரங்களுக்கு மாலை ஆறு மணி முதல் காலை எட்டு மணி வரை கறுப்புத் துணியால் மூடி, அதற்கு மார்கழி இரவைக் கொடுத்துப் பார்க்க விரும்புகிறேன். துணி ஏறி இறங்குவதற்கு இரண்டு சட்டங்களும் ஒரு கப்பியும் வேண்டும். அவற்றின் அளவுகளையும் பந்தலோடு சேர்த்துக் குறித்தாயிற்று. தெரு துப்புரவானதும் மரம் வாங்கப் போக வேண்டும்.